அரக்கிலிருந்து பொலியூரிதேன் வரை: கேம்பர் வான் பலகைக்கு எதைப் பூசுவது?

பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் குசினியும் செய்து, கோடை விடுமுறைக்குக் கிளம்புவது இப்போது நம் வயதினர் பலருக்கும் ஒரு கனவு. ஆனால் இது புதிய யோசனை இல்லை. 1951இலேயே ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், ஃபோல்க்ஸ்வாகன் வானுக்குள் வைக்கும் ‘கேம்பிங் பெட்டி’யைச் செய்துவிட்டது.

வான் கட்டுகிறவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சமையல் பலகையில் எதைப் பூசுவது? மரத்தின் ரேகை தெரிய வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, சூட்டையும் தாங்க வேண்டும். அதோடு, வான் வீட்டைவிடக் கடினமான இடம். பகலில் வெயில், இரவில் குளிர், தூங்குபவர்களின் மூச்சு ஈரம். ஈரத்தில் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும். கடையில் இருக்கும் ஒவ்வொரு டின்னும் வேறொரு காலத்தின் தேவைக்குப் பிறந்தது. அந்தக் கதை தெரிந்தால் தெரிவு செய்வது சுலபம்.

முதலில் நமக்குப் பழக்கமான அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை ஞாபகம் இருக்கிறதா? அதே அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. இந்தியாவின் ஜார்க்கண்ட் பகுதியில் ஆதிவாசி மக்கள் இன்றும் அதைச் சேகரிக்கிறார்கள். சுத்தமாக்கி மெல்லிய தகடாக்கினால் அதுவே ஷெல்லாக். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தளபாடங்களை மினுங்க வைத்த ‘பிரெஞ்சு பொலிஷ்’, இந்த ஷெல்லாக்கை மதுசாரத்தில் கரைத்துப் பூசியதுதான். ஜேர்மனியில் பூச்சு டின்களில் ‘லாக்’ என்று எழுதியிருக்கும். அதன் வேர் சமஸ்கிருதத்தின் ‘லாக்ஷா’. அரபு, இத்தாலிய மொழிகள் வழியாக அந்தச் சொல் இங்கே வந்து சேர்ந்தது.

அழகாக இருந்தாலும் ஷெல்லாக் குசினிக்கு உதவாது. மது சிந்தினால் கரையும். சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

அடுத்தது எண்ணெய். ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். ஆனால் இறுகும்போது வெப்பம் பிறக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கலாம். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ‘வன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது அப்படித்தான். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். நீங்கள் தூங்கப்போகும் வானுக்குள் அந்தத் துணியை ஒருபோதும் விட வேண்டாம். வெளியே விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டின்னில் போடுங்கள்.

பிறகு ‘ஸ்பார் வார்னிஷ்’. ஸ்பார் என்றால் பாய்க்கப்பலின் பாய் தாங்கும் மரம். காற்றில் வளையும் மரத்தோடு சேர்ந்து வளைய வேண்டும் என்பதற்காகவே எண்ணெயைக் கூட்டி, மென்மையாகச் செய்தார்கள். கடலையே தாங்கியது குசினியைத் தாங்காதா என்று தோன்றும். ஆனால் அந்த மென்மையே இங்கே குறை. சூடான சட்டி ஒட்டிக்கொள்ளும், தடம் பதியும்.

பெரிய மாற்றம் ஜேர்மனியின் லெவர்குசனில் நடந்தது. 1937இல் ஓட்டோ பாயரும் அவரது குழுவினரும் பொலியூரிதேனைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் அது மரத் தரைகளுக்கான பூச்சாகவும் வந்தது. தண்ணீர், மது, உராய்வு எல்லாவற்றையும் நன்றாகத் தாங்கும். கரைப்பான் கலந்த வகை நாளடைவில் மஞ்சளாகும், மணமும் அதிகம். நீர் கலந்த வகை நிறமின்றி இருக்கும். பூச்சுகளில் கரைப்பானின் அளவைக் கட்டுப்படுத்த 2004இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, இந்த நீர்வகையைக் கடைகளில் பரவச் செய்தது. குறை ஒன்று: ஆழமாகக் கீறினால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது கடினம். பெரும்பாலும் முழுப் பலகையையும் தேய்த்துப் பூச வேண்டி வரும்.

ஆக, ‘நீடித்து உழைக்கும்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. எளிதில் தேயாதது ஒன்று, எளிதில் திருத்தக்கூடியது மற்றது. வருடத்துக்கு ஓரிரு தடவை பூசும் பொறுமை இருந்தால் எண்ணெய் போதும். இல்லையென்றால், தரைக்கென்று விற்கும் நீர்வகைப் பொலியூரிதேனே என் தெரிவு. மெல்லியதாக மூன்று, நான்கு தடவை பூசுங்கள். பலகையின் அடிப்பக்கத்தையும், விளிம்புகளையும், சிங்க் பொருத்த வெட்டிய துளையின் ஓரத்தையும் விடாதீர்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். பூசும்போது வானின் கதவுகளைத் திறந்து வையுங்கள். தொட்டால் ஒட்டாது என்பதால் இறுகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகலாம், டின்னில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எதைப் பூசினாலும், கொதிக்கும் சட்டிக்குக் கீழே ஒரு மனையும், வெட்டுவதற்குத் தனிப் பலகையும் வேண்டும்.

டின்னை வாங்கியதும் பலகையில் கைவைக்க வேண்டாம். வெட்டி மிஞ்சிய ஒரு துண்டில் பூசி, நன்றாக இறுகிய பிறகு கோப்பி, வினாகிரி, மஞ்சள் தூள் மூன்றையும் ஓர் இரவு அதன்மேல் விட்டுப் பாருங்கள். நம் சமையலைத் தாங்குமா என்பதை அந்தத் துண்டே சொல்லிவிடும்.