55 பைட்டும் ஒரு சொத்துரிமை வழக்கும்

55 பைட் என்பது கணினிக் கணக்கில் ஒன்றுமேயில்லை. இந்தப் பந்தியைக்கூட அதற்குள் எழுதி முடிக்கேலாது. ஆனால் 2002 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸ்மார்க் கொம்பனி தொடுத்த வழக்கு, அவ்வளவு சின்ன ஒரு நிரலைப் பற்றியதுதான்.

லெக்ஸ்மார்க் தன் லேசர் பிரிண்டர்களின் டோனர் காட்ரிஜ்களில் ஒரு சிப் வைத்திருந்தது. டோனர் எவ்வளவு மிச்சமிருக்கு என்று கணக்கிடும் நிரல் அதற்குள் இருந்தது. ஒருவகைக் காட்ரிஜில் 37 பைட், மற்றதில் 55 பைட். அதே சிப் பிரிண்டரோடு ஒரு இரகசியக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் பிரிண்டர் அசையாது.

ஏன் இத்தனை காவல்? லெக்ஸ்மார்க்கின் காட்ரிஜ்களுக்கு இரண்டு விலை. குறைந்த விலைக்கு வாங்கினால் ஒருதரம்தான் பாவிக்கலாம், முடிந்ததும் கொம்பனிக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. வேறு ஆட்கள் அதை நிரப்பி விற்காமல் பார்ப்பது சிப்பின் வேலை. வட கரோலினாவிலுள்ள ஸ்டாட்டிக் கன்ட்ரோல் நிறுவனம், அந்த நிரலை அப்படியே கொண்ட மாற்றுச் சிப்பைச் செய்து, மீள்நிரப்புபவர்களுக்கு விற்றது.

லெக்ஸ்மார்க் கையிலெடுத்தது 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை. படமும் பாட்டும் களவாகக் கொப்பி அடிக்கப்படுவதைத் தடுக்க வந்த சட்டம், இப்போது டோனர் தூளுக்குக் காவல் நின்றது! 2003இல் கீழ்நீதிமன்றம் மாற்றுச் சிப்புக்குத் தடையும் போட்டது. 2004 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பிரிண்டரை வாங்கிய எவரும் அதிலுள்ள நிரலை வாசிக்கலாம். முன்கதவு திறந்து கிடக்கும் வீட்டில் பின்கதவுப் பூட்டு எதைக் காக்கும் என்பதே அதன் தர்க்கம்.

2017இல் வேறொரு மீள்நிரப்பு நிறுவனத்துடனான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் லெக்ஸ்மார்க் தோற்றது. ஒரு பொருளை விற்றபின், அதன்மேல் காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம்.

அப்ப வாங்கினவர்கள் வென்றுவிட்டார்களா? பாதிதான். இந்தத் தீர்ப்புகள் எதுவும் சிப் வைப்பதைத் தடைசெய்யவில்லை. காட்ரிஜ் உங்களுடையது என்று சட்டம் சொன்னாலும், அது முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் விற்றவனின் சிப்பிடமே இருக்கிறது. கடைக்காரனின் கொப்பியில் மட்டும் எழுதப்படும் கடன் கணக்கு மாதிரி. சொத்துரிமையின் வரலாற்றைப் படிக்கிற நாங்கள், பொருள் யாருடையது என்பதோடு நிற்காமல், அதன் கணக்கு யார் கையில் என்பதையும் கேட்கவேண்டும்.