மாட்டை வண்டிக்குப் பின்னால் கட்டியவர்கள்

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை – 7

போன வாரம் சோழவரத்தில் நிறுத்தியிருந்தோம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். ஓரத்தில் வைக்கோல் கட்டுகள். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஜனத்திரள். நடுவே, என்சைன் என்ற பிரிட்டிஷ் அணியின் பழைய ஃபார்முலா ஒன் கார். உள்ளே விஜய் மல்லையா. அந்தக் காரை யாரால் துரத்த முடியும் என்று கேட்டுவிட்டுத் 'தொடரும்' போட்டிருந்தேன்.

அதைப் படித்த ஒரு தம்பி, மண்ணூர் டீக்கடையில் ஷிப்ட் வேனுக்காக நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"துரத்துறது இருக்கட்டும் அண்ணா. நம்ம ஆளுங்க யாருமே ரேஸ் கார் செய்யலையா? எல்லாமே வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்ததுதானா?"

கியர்பாக்ஸ் லைனில் வேலை செய்கிறவர் அவர். ஒரு நாளைக்கு எத்தனை கியர்பாக்ஸைத் தொடுகிறோம் என்ற கணக்கே விட்டுப்போன கை அது. அந்தக் கை கேட்ட கேள்விக்கு, வேன் வருவதற்குள் நின்றவாக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரம் முழுக்க அவருக்கான பதில்தான். ஆனால் அது ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கவில்லை. லண்டனை ஒட்டிய சர்பிட்டன் என்ற ஊரில், ஒரு சாதாரண கராஜில் தொடங்குகிறது.

1946. போர் முடிந்துவிட்டது. பிரிட்டனில் பெட்ரோல் இன்னும் ரேஷனில்தான். கராஜ்காரர் சார்லஸ் கூப்பருக்கும் அவர் மகன் ஜானுக்கும் பந்தய ஆசை இருந்தது, பெரிய கார் வாங்கப் பணம் இல்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்து, 500 சிசிக்குள் ஓட்டலாம் என்று மலிவான பந்தய வகை ஒன்று அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. கூப்பர்கள் ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் காரின் முன்பாகங்கள் இரண்டை எடுத்தார்கள். ஒன்றை முன்னால் வைத்தார்கள், இன்னொன்றைத் திருப்பிப் பின்னால் வைத்தார்கள், நடுவில் இணைத்தார்கள். சேசிஸ் தயார்.

எஞ்சினை எங்கே வைப்பது? ஜாப் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் எஞ்சின் அது. சங்கிலியால்தான் சக்கரத்தைச் சுழற்றும். முன்னால் வைத்தால் கார் நீளத்துக்குச் சங்கிலி இழுக்க வேண்டும். அதனால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கிராண்ட் பிரீ பந்தயத்தின் தலையெழுத்தையே பிறகு மாற்றிய முடிவுக்குச் சங்கிலியின் நீளம்தான் காரணம்.

அந்நாளில் பெரிய பந்தய நிறுவனங்கள் எல்லாம் எஞ்சினை முன்னால்தான் வைத்தன. மாடு வண்டிக்கு முன்னால் நிற்பதுதானே முறை? 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் மட்டும் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பில் 16 சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்துப் பந்தயங்களை வென்றது. ஆனால் அது அடங்காத குதிரை. போரோடு அந்த வழியும் மறைந்தது.

பின்னால் வைப்பதில் என்ன லாபம்? தண்ணீர் சுமப்பவரைப் பாருங்கள். தோளில் ஒரு நீளக் கழி, இரு முனையிலும் ஒவ்வொரு குடம். சட்டென்று அவரைத் திரும்பச் சொன்னால் குடங்கள் அவரையே சுழற்றிவிடும். அதே பாரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் சந்து முனையில்கூடச் சுலபமாகத் திரும்பலாம். எஞ்சினும் ஆளும் காரின் நடுப்பகுதியில் நெருங்கி உட்கார்ந்தால் வளைவில் காரும் அப்படித்தான் திரும்பும். இன்னொன்று: முன்னால் இருக்கும் எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்ற, நீளமான தண்டு ஒன்று ஓட்டுகிறவருக்கு அடியிலோ பக்கத்திலோ போக வேண்டும். அந்தத் தண்டே இல்லையென்றால் ஆளைத் தரையோடு தரையாக உட்கார வைக்கலாம். கார் தாழ்கிறது, எடை குறைகிறது, காற்றைக் கிழிக்கும் முகமும் சிறுக்கிறது.

இது பந்தயத்தில் நிரூபணமான நாள் 1958 ஜனவரியில், அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் வந்தது. ஸ்டிர்லிங் மாஸின் கையில் ஒரு கூப்பர். எஞ்சின் இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எதிரே 2.4 லிட்டர் ஃபெராரிகள். யாரும் கூப்பரைப் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. மற்ற கார்களின் சக்கரத்தை நடுவில் ஒரே ஒரு நட்டைத் தட்டிக் கழற்றிவிடலாம். கூப்பர் சக்கரத்துக்கு நான்கு போல்ட். நடுப்பந்தயத்தில் டயர் மாற்ற நின்றால் கதை முடிந்தது.

மாஸின் ஆட்கள் டயர்களை எடுத்து வெளியே வரிசையாக வைத்தார்கள். அவர் இதோ வந்து நிற்கப் போகிறார் என்று தோன்றும்படி பரபரத்தார்கள். ஃபெராரிக்காரர்கள் நிதானமாகக் காத்திருந்தார்கள். மாஸ் நிற்கவே இல்லை. ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி வெளியே தெரிய, எண்ணெய் படிந்த இடமாகப் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தை விட்டு, டயரின் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓட்டினார். விஷயம் புரிந்து ஃபெராரிகள் துரத்தியபோது நேரம் போய்விட்டது. மூன்று விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் கூப்பர் வென்றது. எஞ்சினைப் பின்னால் வைத்த கார் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை வென்றது அதுவே முதல் முறை.

1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். 1961-ல் ஃபெராரியும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனது. ஒரு கராஜும் இரண்டு குட்டிக் கார்களின் உதிரிகளும் செய்த வேலை.

இப்போது கோயம்புத்தூருக்கு வாருங்கள், தம்பி.

எஸ். கரிவர்தன் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர். பந்தயக்காரர்கள் அவரைக் 'கரி' என்றே சொல்வார்கள். சோழவரத்தில் ஓட்டியவர், ஓட்டியதோடு நிற்காமல் கையால் செய்தும் பார்த்தவர். ஜி.டி. நாயுடுவின் ஊர் அது. லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருந்த ஊரில், இல்லாததைச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் தானாக வரும்.

நம் நாட்டில் அப்போது எது இல்லை? பந்தயக் கார்தான் இல்லை. இறக்குமதி செய்யக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பம்பாயில் செய்த ஃபியட்டையும் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கோட்டில் எல்லாரும் ஒன்றாக நின்றாலும், யார் ஓட்டக்கூடியவர் என்பதைவிட யாரிடம் எந்தக் கார் என்பதே பல நேரம் முடிவைச் சொன்னது. திறமையுள்ள ஒரு பையனுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறன்கூட முழுசாக இல்லாத எஞ்சின். நாடு அதைக் குடும்பக் காராகப் பார்த்தது. கரியின் கண்ணுக்கு அதற்குள் வேறொன்று தெரிந்தது. அந்தக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக, குறுக்குவாட்டில் முன்னால் உட்கார்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றும். அந்தத் தொகுதியை அப்படியே பெயர்த்து ஆளுக்குப் பின்னால் வைத்துவிட்டால் அது பின்சக்கரங்களைச் சுழற்றும். எஞ்சின் பின்னால், நீளத் தண்டு கிடையாது, ஆள் தாழ உட்காரலாம். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு கூடு, மேலே ஃபைபர் பாடி. கிராண்ட் பிரீ காரின் அதே எலும்பமைப்பு, கடைத்தெருவில் கிடைக்கும் ஸ்பேரில்.

1980-களின் பிற்பகுதியில் அந்தக் கார் ஓடுதளம் ஏறியது. பெயர் ஃபார்முலா மாருதி. தம்பி, உங்கள் லைனில் தினமும் நீங்கள் தொடுகிறீர்களே, கியர்பாக்ஸும் ஆக்சிலும், அதே இனத்துச் சாமான்தான் உள்ளே. கரி அதை ஒன்றிரண்டோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பணக்காரரின் பொழுதுபோக்கு. அவர் ஒரே மாதிரிக் கார்களை வரிசையாகச் செய்தார். ஒரே எஞ்சின், ஒரே சேசிஸ். முன்னால் போகிறவன் ஓட்டத் தெரிந்ததால்தான் முன்னால் போகிறான் என்று பார்க்கிற எவரும் சொல்லிவிடலாம். வேகத்தில் என்சைனின் நிழலைக்கூட அது தொட்டிருக்காது. ஆனாலும் இந்தியாவின் கிராண்ட் பிரீ கார் எது என்று என்னைக் கேட்டால், கரியின் காரைத்தான் காட்டுவேன்.

கார் வந்துவிட்டது, ஓட இடம்? சோழவரத்தின் ஓடுதளம் விமானத்துக்குப் போட்டது, வளைவுக்கு அல்ல. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சொந்தத் தடம் ஒன்றைக் கட்டத் துணிந்தது. இடம் நமக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்ட இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், 3.7 கிலோமீட்டர் தடம், 12 வளைவுகள். 1990-ல் திறந்தார்கள்.

கரிக்கு அதற்குப் பிறகு ஐந்தே ஆண்டுகள்தான் பாக்கி. 1995-ல் அவர் உயிரைப் பறித்த விமான விபத்தைப் பற்றி அதன் வாரத்தில் எழுதுவேன். அதற்கு முன்னால் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்த கார்களில் ஒன்றில், இந்த இருங்காட்டுக்கோட்டையில், பதின்வயதுப் பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். கோவைக்காரன். அப்பா சவுத் இந்தியா ராலியை ஏழு முறை வென்றவர். மகன் அதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓட்டியதில்லை. இந்தியர் எவரும் போகாத ஃபார்முலா ஒன்னுக்குத் தான் போகப் போவதாக அவன் மனசில் எழுதி வைத்திருந்தான்.

முன்னாலும் பக்கத்திலும் அதே கார்கள், அதே எஞ்சின். முதுகுக்குப் பின்னால் மூன்று சிலிண்டர்களும் துடிக்கின்றன. கொடி இறங்குகிறது.

(தொடரும்)