கண்டி மலைநாட்டின் அடுப்படி வரலாறு

நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவது மரபு. அடுப்பங்கரையிற் சென்று அதனைத் தேடுவார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு குடும்பம் மாலையில் எதனைச் சமைத்து உண்டது, அவ்வுணவுக்குரிய பண்டம் எங்கிருந்து வந்தது, சமைக்கும் முறை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முற்பட்டால், ஏடுகளில் இடம்பெறாத மக்களின் வரலாறு புலனாகும். கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைகளும் இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டி இராச்சியத்தில் 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால உணவுமுறையைப் பற்றியும் பேசுகின்றது. சோறே தலையாய உணவு. கறி அதற்குத் துணை. அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துச் சுட்ட பணியாரத்தை அரசன் ஒல்லாந்தருக்கு அனுப்பியபோது, இது மரத்திற் காய்ப்பதோ என்று அவர்கள் வியந்து வினவினராம். இது நொக்ஸ் தாம் கேட்டறிந்து எழுதிய செய்தி. அன்றைய கண்டியின் இனிப்பு எண்ணெய்ச் சட்டியிற் பிறந்தது, போறணையில் அன்று.

போறணை கரையோரத்திலிருந்து வந்தது. பாண் என்னும் சொல்லே போர்த்துக்கீசர் விட்டுச் சென்றதுதான். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் பாதைகள் அமைந்தன. 1867இல் புகைவண்டியும் வந்தது. உத்தியோகம் பற்றிக் குடியேறிய பறங்கியர் குடும்பங்களுடன் லவ் கேக் முதலியனவும் கண்டிக்கு வந்து சேர்ந்தன. ரவையும் முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டை மஞ்சட் கருவும் பன்னீரும் சேர்த்து, மேற்புறம் பொன்னிறமாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும்படி சுடுவது லவ் கேக். போறணை இல்லாத வீட்டாரும் சோர்ந்துவிடவில்லை. சட்டியை அடுப்பில் ஏற்றி, மூடியின்மேலும் தணலைப் பரப்பி, மேலும் கீழும் ஒரே அளவான சூட்டிற் சுட்டெடுத்தனர். தேங்காயும் பாணியும் சேர்ந்த பிபிக்கனும் இவ்வாறே தணலில் வெந்தது. இத்தகைய இல்லத்துச் சமையல் முறைகள் பலவற்றை 1929இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் தொகுத்து வைத்தது. எழுதப்பட்டமையால் அவை நிலைத்தன.

எழுதப்படாத முறைகளும் அதே மலைகளில் இருந்தன. 1824இல் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலமுதல், தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரலாயினர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களிற் பலர் நோயாலும் பசியாலும் இடைவழியில் மாண்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையே மலைகளை மூடிற்று. லயத்து அறையிற் குடியிருந்த தொழிலாளிக்கு வயலில்லை. தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசியே உணவு. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி வருவது நின்றது. இலங்கையிற் பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பெருமளவிற் புகுந்தது. அந்த மாவைக் கையிற் பெற்ற தோட்டத்துப் பெண்கள் அதனைத் தமக்குரிய உணவாக்கிக்கொண்டனர். மாவுடன் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கை அளவிற் தடிப்பாகத் தட்டி, காய்ந்த கல்லில் இருபுறமும் திருப்பிச் சுடுவது தோட்டத்து ரொட்டி. செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் உப்பும் அம்மியில் இடித்து அரைத்துத் தேசிக்காய் பிழிந்தது சம்பல். மலையிற் கொழுந்து பறிப்பவளுக்குப் பசி தாங்க வேண்டும் என்பதால் ரொட்டியின் தடிப்பு குறைவதில்லை. காலையிலும் நண்பகலிலும் ரொட்டி, வேலை முடிந்தபின் சோறு என்பது பல குடும்பங்களின் வழக்கம். அரிசி போதாத நாளில் இரவிலும் ரொட்டியே. மழையில் நனைந்து லயத்துக்குத் திரும்பியவர்க்கு அடுப்பருகே உண்ணும் சூடான ரொட்டியும் சாயத் தண்ணீரும் பெரும் ஆறுதலாயின.

அந்த ஆறுதலும் ஒரு காலத்திற் பறிபோயிற்று. உலகச் சந்தையில் உணவு விலை ஏறிய 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு மா குறைக்கப்பட்டது. பயிரிட்டு உண்ண நிலமற்ற தோட்ட மக்களைப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிற்று. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் ரொட்டியின் இடத்தைப் பிடித்தன.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி வகுத்தது. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மலைநாட்டிலிருந்து புகைவண்டியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் குடும்பங்கள் சென்றன. அவர்கள் கொண்டு சென்ற பெட்டிகள் சோதிக்கப்பட்டன. எந்தச் சோதனையிலும் அகப்படாத ஓர் உடைமையும் அவர்களிடம் இருந்தது: ரொட்டி தட்டும் கைப்பழக்கம். நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்தவர்களின் இல்லங்களில், தேங்காய்ப்பூ சேர்ந்த தடித்த ரொட்டியும் சம்பலும் தொடர்ந்தன. கண்டியின் தமிழ் அடுப்பு கடல் கடந்தும் அணையவில்லை.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆயின், பாண் வண்டி வாசலுக்கே வரும் இந்நாளிலே, பாட்டியர் அறிந்த அளவும் பக்குவமும் அவர்களோடு மறைந்துவிடக்கூடும். பறங்கியர் இல்லத்துக் கேக்குக்கு நூல் உண்டு. லயத்து ரொட்டிக்குக் கைகளே நூல். எவ்வளவு மா, எவ்வளவு தேங்காய், யாரிடம் கற்றது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதி வைக்குமாயின், அது சமையற் குறிப்பாக மட்டும் இராது. கொழுந்து பறித்து நாட்டை வாழவைத்தவர்கள் தம் பிள்ளைகளை எவ்வாறு பசியாற்றினர் என்பதற்கு அவர்களே எழுதிய சாட்சியமாகவும் விளங்கும்.