தாழவும் உயரவும்: காற்றுவில்லின் வரலாறும் தென்சென்னைச் சாலைகளும்

வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்து, சாலையின் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும் அமைப்பைச் சஸ்பென்ஷன் என்கிறோம். மாட்டுவண்டியில் இது இல்லை. அதனால்தான் அதில் போகிறவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். மோட்டார் வண்டிகளில் இவ்வேலையைப் பெரும்பாலும் எஃகு வில்கள் செய்கின்றன. எஃகுக்குப் பதிலாகவோ எஃகுடன் சேர்த்தோ அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினால் அது ஏர் சஸ்பென்ஷன் ஆகிறது.

இதைச் சொகுசுக் கார்களின் ஆடம்பரமாகவே பலர் நினைக்கின்றனர். ஆனால் இதன் அடிப்படைச் சிக்கல் எளியது: தாழ்ந்து நிற்க வேண்டிய வண்டி, தேவைப்படும்போது உயரவும் வேண்டும். ஏறுவதற்குத் தாழ்வு நல்லது. வேகத்தடைக்கும் வெள்ளத்துக்கும் உயரம் நல்லது. தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம், வேளச்சேரி பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இந்த இரண்டு தேவைகளும் நன்கு தெரியும். புறநகர் ரயில், மாநகரப் பேருந்து, உயரம் குறைத்த கார் ஆகிய மூன்றிலும் இச்சிக்கல் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எஃகுவில்லும் காற்றுவில்லும்

எஃகுச் சுருள்வில்லின் மேல் எடை வைத்தால் அது அமுங்கும். எடை இரு மடங்கானால் அமுக்கமும் ஏறத்தாழ இரு மடங்காகும். பள்ளியில் நாம் படித்த ஹூக் விதி இதுவே. எனவே எஃகுவில் வண்டியின் உயரத்தை ஏறியிருக்கும் சுமையே முடிவு செய்கிறது. காலியாக இருக்கும்போது உயர்ந்தும், நிறைந்திருக்கும்போது தாழ்ந்தும் நிற்கும்.

காற்றுவில் என்பது தடித்த ரப்பர் பை. அதற்குள் காற்றைச் செலுத்தியும் வெளியேற்றியும் வண்டியின் உயரத்தை மாற்றலாம். சுமை கூடி வண்டி தாழ்ந்தால், உடலோடு இணைந்த ஒரு நெம்புகோல் வால்வைத் திறக்கும். காற்று உள்ளே போகும். வண்டி பழைய உயரத்துக்கு வரும். சுமை குறைந்தால் மிகுதிக் காற்று வெளியேறும். இதற்குச் சமன்செய் வால்வு என்று பெயர். சுமை எவ்வளவு ஆனாலும் உயரம் மாறாமல் வைத்திருக்க இதனால் முடிகிறது.

தொடக்கக் காலம்

காற்றடைத்த டயரை ஜான் பாய்டு டன்லப் 1888-இல் காப்புரிமை பெற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சக்கரத்தைத் தாங்கும் காற்று வண்டியையும் தாங்கலாமே என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. இருப்பினும் கசியாத ரப்பர் பையும், நம்பகமான வால்வும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1949-இல் தொடங்கப்பட்ட ஏர் லிஃப்ட் நிறுவனம் ஓர் இடைவழியைக் கண்டது. கார்களின் எஃகுச் சுருளைக் கழற்றாமல், அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தில் ஒரு காற்றுப் பையை நுழைத்தது. சுமை ஏறும்போது பையில் காற்றடித்தால் வண்டியின் பின்பகுதி தாழாது. எஃகையும் காற்றையும் கூட்டாளிகளாக்கிய இந்த வழி இன்றும் வழக்கில் உள்ளது.

1954-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த கிரேஹவுண்ட் சீனிக்ரூசர் பேருந்துகள் காற்றுவில்களில் ஓடின. 1955-இல் பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ் கார், வாயுவையும் எண்ணெயையும் சேர்த்து, ஓட்டுநர் தம் விருப்பப்படி உயரத்தை மாற்றிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோம் காரிலும் காற்றுவில்கள் பொருத்தப்பட்டன. ஆனால் அவை கசிந்தன. உரிமையாளர்கள் பலர் அவற்றைக் கழற்றிவிட்டு எஃகுச் சுருளுக்கே திரும்பினர்.

கார்களில் தடுமாறிய இம்முறை பேருந்திலும் ரயிலிலும் நிலைபெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. காற்றால் பிரேக் இயங்கும் கனரக வண்டிகளில் கம்ப்ரஸரும் காற்றுத் தொட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே காற்றைச் சஸ்பென்ஷனுக்கும் பகிர்ந்துகொள்ளலாம். சிறிய காருக்கோ எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்த வேண்டும்.

தாம்பரம் ரயில்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையாக இருந்த அது பின்னர் அகலப் பாதையாக்கப்பட்டது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே உருவான பெட்டிகளின் அடிப்பகுதியில் இரண்டு அடுக்கு வில்கள் இருந்தன. சக்கர அச்சுக்கு மேலே ஓர் அடுக்கு, பெட்டியின் உடலுக்குக் கீழே மற்றோர் அடுக்கு. இரண்டும் எஃகுச் சுருள்களே.

காலை நேரத்தில் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஏறியவர்களுக்குக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் ஏற ஏறச் சுருள் அமுங்கும். பெட்டியின் தளமும் தாழும். நடைமேடை அதே இடத்தில் இருக்க, பெட்டியின் வாசல் மட்டும் சுமைக்கேற்ப மேலும் கீழும் போகும். முதியவருக்கும் குழந்தையைத் தூக்கி வருபவருக்கும் சில சென்டிமீட்டர் மாற்றமே கால் இடறப் போதுமானது.

பிற்காலப் புறநகர் ரயில்களில் மேலடுக்கு எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுவில் வந்தது. கீழடுக்கில் எஃகு தொடர்ந்தது. அதிர்வை முதலில் எஃகு வாங்குகிறது. உயரத்தைக் காற்று காக்கிறது. பெரம்பூரில் 2018-இல் உருவான வந்தே பாரத் ரயிலிலும் இதே பங்கீடுதான். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு பாதையில் 2025 ஏப்ரல் 19 முதல் குளிர்சாதனப் புறநகர் ரயிலும் ஓடுகிறது.

மண்டியிடும் பேருந்து

நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், உள்ளே போகப் படிகள் ஏறியாக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் படிகள் ஒரு சுவர். தாழ்தளப் பேருந்தில் இவ்வுயரம் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் வாசல் பக்கத்துக் காற்றுப் பைகளிலிருந்து சிறிது காற்றை வெளியேற்றினால் பேருந்து அப்பக்கம் இன்னும் சில சென்டிமீட்டர் தாழும். இதைத்தான் மண்டியிடுதல் என்கிறார்கள். சாய்பலகையை விரித்ததும் நாற்காலி உள்ளே போகலாம். பயணி ஏறியபின் காற்று மீண்டும் நிரம்பும், பேருந்து நிமிரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் போக்குவரத்து எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனாலும் படியேறும் பேருந்துகள் தொடர்ந்து வாங்கப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். சாலைகளின் நிலை, கூடுதல் விலை ஆகியவற்றை அரசுத் தரப்பு எடுத்துரைத்தது.

சாலை பற்றிய வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் பெருமழைதோறும் நீர் தேங்குகிறது. இத்தகைய இடத்தில் 400 மில்லிமீட்டர் தளம் கொண்ட பேருந்து எப்படி ஓடும் என்பது நியாயமான கேள்வி.

இதற்கான விடையின் ஒரு பகுதி அந்தப் பேருந்திலேயே இருக்கிறது. காற்றுவில் தாழ்த்த மட்டுமன்றி உயர்த்தவும் வல்லது. பள்ளமான இடத்தில் வண்டியை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி மெதுவாக ஓட்டும் வசதி இவ்வகைப் பேருந்துகளில் உண்டு. ஆனால் முழங்கால் அளவு வெள்ளத்துக்கு இது மருந்தாகாது. அதற்கு வடிகால்தான் வேண்டும். வடிகால் இல்லாத குறைக்காக ஒருவரின் பயண உரிமையைத் தள்ளிவைக்க முடியுமா என்பதே வழக்கின் உள்ளே இருந்த கேள்வி.

2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 புதிய தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. அதே ஆண்டு தெற்குப் புறநகரான பெரும்பாக்கம் பணிமனைக்கும் மின்பேருந்துகள் வந்தன.

உயரம் குறைத்த காரில் காற்று

தோற்றத்துக்காகவும், வளைவுகளில் காரின் சாய்வு குறைவதற்காகவும் காரின் உயரத்தைக் குறைக்கும் ஆர்வம் இளைஞரிடையே உண்டு. இதற்குப் பயன்படுவது காயில்ஓவர். ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டப்பட்டு, அதைச் சுற்றிச் சுருள்வில் அமர்ந்திருக்கும். வில்லைத் தாங்கும் வளையத்தைத் திருகி இறக்கினால் கார் தாழும்.

பிறகுதான் தொல்லை. இந்தியச் சாலைக் கழகத்தின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். 17 சென்டிமீட்டர் தரை இடைவெளி உள்ள கார் அதைத் தாண்டிவிடும். 5 சென்டிமீட்டர் குறைத்த காருக்கு மீதம் 12 மட்டுமே. ஆட்கள் ஏறினால் அதுவும் குறையும். தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட மேடுகளில் அடிப்பகுதி உரசாமல் போவது அரிது.

இதற்குக் காயில்ஓவரை மாற்றாமலே, சுருளின் ஒரு முனைக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் கிண்ணம் போன்ற ஒரு காற்று உருளையைப் பொருத்துகிறார்கள். பொத்தானை அழுத்தினால் தொட்டியிலுள்ள காற்று உருளையை விரித்துக் காரின் முகப்பைச் சில சென்டிமீட்டர் தூக்கும். மேட்டைக் கடந்ததும் காற்றை விட்டுவிடலாம். இங்கே காற்று வில்லாக வேலை செய்வதில்லை. ஜாக்கியாகத்தான் வேலை செய்கிறது. உருளை முழுமையாகத் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்கும்போது வில்லின் கடினத்தன்மை மாறாது.

கணக்கும் எளிது. விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கக் கிடைப்பது. ஒரு சக்கரத்தின் பக்கம் 400 கிலோ எடை இறங்குகிறது, உருளையின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். 400-ஐ 80-ஆல் வகுத்தால் 5. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் எடையைத் தாங்கும். தூக்குவதற்கு அதற்கும் சற்று மேல் வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆர்வம் உள்ளவர்கள் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது, ஈரப்பதம். சென்னைக் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி தொட்டியில் நீராகத் தங்கும். அதை அவ்வப்போது வடிக்காவிட்டால் வால்வுகள் துருப்பிடித்துக் கசியும். இரண்டாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதுதான் முறை.

எஞ்சியிருக்கும் வேலை

மூன்று வண்டிகளிலும் கருவி ஏறக்குறைய ஒன்றே, பயன் வேறு. காரில் அது ஒருவரின் விருப்பத்தைக் காக்கிறது. ரயிலில் ஆயிரக்கணக்கானோர் இடறாமல் ஏற உதவுகிறது. பேருந்தில், வீட்டிலேயே அடைந்து கிடந்த ஒருவரைக் கல்லூரிக்கும் வேலைக்கும் கொண்டுசேர்க்கிறது.

ஆனால் வண்டி மட்டும் தாழ்ந்தால் போதாது. பேருந்து நடைபாதை ஓரத்தை ஒட்டி நின்றால்தான் சாய்பலகை சரியாகப் படியும். நிறுத்தத்தின் முன் இருசக்கர வாகனங்களும் தள்ளுவண்டிகளும் நின்றால் பேருந்து சாலை நடுவில்தான் நிற்கும். அங்கே அது மண்டியிட்டும் பயனில்லை. ஆகவே நிறுத்தங்களை ஒழுங்காகக் கட்டுவதும், அவற்றின் முன்பகுதியை ஆக்கிரமிப்பில்லாமல் வைத்திருப்பதும் தாழ்தளப் பேருந்துத் திட்டத்தின் பகுதிகளே. முதல் வேலை உள்ளாட்சிகளுடையது. இரண்டாவதில் அச்சாலையைப் பயன்படுத்தும் நம் எல்லோருக்கும் பங்குண்டு.