பண்டிங்
மலேசியாவில் இந்த ஆங்கிலச் சொல் முதலில் குறிப்பது, விளக்குக் கம்பங்களில் நெட்டுக்குத்தாகத் தொங்கும் விளம்பரத் துணியை. அகலவாட்டில் கட்டுவது பேனர். தேர்தல் காலத்தில் கோலாலம்பூரின் செந்தூல் சாலைகளில் கட்சிச் சின்னங்களோடு ஆடுவது பெரும்பாலும் பண்டிங்தான். அந்நகரில் இதைக் கட்ட மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும்.

பிரிட்டனில் பொருள் வேறு: கயிற்றில் கோத்த முக்கோணக் கொடிகள், நம் தோரணத்தின் உறவு. முன்னர் கப்பல் கொடி தைத்த கம்பளித் துணிக்கும் இதுவே பெயர்.

பறவை: தடித்த கூம்பலகால் விதை கொறிக்கும் எம்பெரிசா பேரினச் சிறுபறவைகள். வட யூரேசியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்கிழக்காசிய வயல்களுக்கு வரும் மஞ்சள் மார்புப் பண்டிங், சீனாவில் உணவுக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டது. 2017இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. கொடிகளை விடக் கவலைக்குரிய பொருள் இதுவே.

மலாய்: ரோமன் எழுத்தில் அதே bunting, உச்சரிப்பு 'புந்திங்', பொருள் சூல். கதிர் சூல்கொண்ட நெல் 'பாடி புந்திங்'. லங்காவியின் தாயாங் புந்திங் தீவுக்கும் இதனால்தான் அப்பெயர். அதன் நன்னீர் ஏரியில் நீராடினால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை.