பயணத்துக்கு ஒரே லென்ஸ்: ராயக்கோட்டையில் தொடங்கும் ஒரு பழைய கதை

ஊர் சுற்றக் கிளம்புகிறவர் ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு போகலாமா, இரண்டு மூன்றைப் பையில் சுமக்க வேண்டுமா? ஓய்வு பெற்ற பிறகு கேமரா வாங்கிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய கதை உண்டு.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு ராணுவ அதிகாரி, மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்துக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். 1858-இல் அவர் படங்கள் ஆல்பங்களாக வந்தன. அவற்றுள் ஒன்றின் தலைப்பிலேயே ராயக்கோட்டை இருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1791-இல் திப்புவிடமிருந்து கும்பினிப் படை பிடித்த மலைக்கோட்டை.

டிரைப்பிடம் ஜூம் கிடையாது. அன்று யாரிடமும் கிடையாது. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அச்சுப்படமும் அவ்வளவுதான். பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற வசதியும் இல்லை. அதனால் ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் நெகட்டிவ் பிடிக்கும் பெட்டியைச் சுமந்தார். கோட்டை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் பெட்டியும் முக்காலியும் ஆட்களும் கிட்டே நகர வேண்டியதுதான். பயணத்துக்கென்று அவர் செய்துகொண்ட சௌகரியம் வேறு: கண்ணாடித் தகட்டைவிடப் பெரும்பாலும் மெழுகு பூசிய தாளையே நம்பினார். முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், வழியில் உடையாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை அவர் எடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தூரத்தில் நின்று ஒரே படமாகச் சுருக்கவில்லை. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 அச்சுப்படங்களை ஒட்டி ஒரே நீளச் சுருளாக ஆக்கினார். அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெல்யன், இதெல்லாம் அரசுக்கு ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். சிக்கனம் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடும் அதிகாரிகளை நானும் என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றே பலவாக உதவ வேண்டும் என்ற ஆசை டிரைப்புக்கும் முந்தியது. பாரிஸில் ஷார்ல் ஷெவாலியே என்ற கண்ணாடிக்காரர் 1840-இல் ஒரு லென்ஸ் செய்தார். அதன் பிரெஞ்சுப் பெயரில் 'வெர் கொம்பினே' என்று வரும். 'இணைத்த கண்ணாடிகள்' என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கண்ணாடிகளை மாற்றிப் பொருத்தினால் இயற்கைக் காட்சிக்கும் ஆகும், ஆள் முகத்துக்கும் ஆகும். அதே ஆண்டு வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் முகப்படத்துக்காகவே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார்; பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுவது. பாரிஸில் தொழில் வளர்ச்சிச் சங்கம் நடத்திய போட்டியில் ஷெவாலியேவுக்குப் பிளாட்டினப் பதக்கம், பெட்ஸ்வாலின் லென்ஸுக்கு வெள்ளி. பல வேலைக்கும் உதவும் என்பதே முதல் பரிசுக்குக் காரணம். ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் தேடி வாங்கியது வெள்ளிக்காரரின் லென்ஸைத்தான். முகத்தைக் கம்பி வைத்து முட்டுக்கொடுத்து நிமிஷக்கணக்கில் உட்கார வைத்த காலத்தில், வெளிச்சம்தானே பெரிது!

ஜூம் உருப்படியானது 1950-களில். சினிமாவுக்கு, பிரான்சின் சேந்த் எத்தியென் பக்கத்துக்காரரான பியேர் ஆன்ழெனியூ, நாலு மடங்கு ஜூமும் பிறகு பத்து மடங்கும் செய்தார். 1964-இல் ரேஞ்சர் 7 கலம் சந்திரனை நெருங்கிப் படமெடுத்ததும் அவர் லென்ஸ் வழியாகத்தான்; ஆனால் அது ஜூம் அல்ல, ஒரே அளவுள்ளது. சாதாரணக் கேமராவுக்கு 1959-இல் ஃபோக்ட்லெண்டர் 36-82 மி.மீ. ஜூமார் வந்தது. ஆல்-இன்-ஒன் என்று கடைக்காரர் சொல்லும் ரகத்தைப் பரவலாக்கியது 1992-இல் வந்த டாம்ரான் 28-200. அதிலும் பொருளிலிருந்து இரண்டு மீட்டருக்குமேல் தள்ளி நிற்க வேண்டும். பூவுக்கும் நாணயத்துக்கும் உதவாது. 2017-இல் அதே கம்பெனி 18-400 கொண்டுவந்தது: 22 மடங்கு, எடை சுமார் 700 கிராம்.

இவ்வளவையும் ஒரே குழாய்க்குள் அடைத்தால் எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 18-இல் தூண்கள் பீப்பாய்போல வளையும். 400-இல் துளை 6.3 ஆகச் சுருங்கும், 18-இல் 3.5-இல் கிடைத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வெட்டவெளியில் கவலையில்லை. கோயில் மண்டபத்தில் படம் ஆடிப்போகும்.

ஆகையால் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, கிட்டே போக முடியுமா என்பதைத்தான். ராயக்கோட்டை மலையைக் கீழே சாலையிலிருந்து எடுக்க வேண்டும், முழங்கால் ஏற விடாது என்றால் நீண்ட ஜூமே சரி. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களுக்கு அது வேண்டாம். அவை வயலோரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. எழுத்து வளையாமல், பக்கவாட்டு வெயிலில் பள்ளம் மேடு தெரிய எடுத்தால்தான் கல்வெட்டு படிக்கிறவருக்குப் பயன். அதற்கு 50 மி.மீ. 1.8 லென்ஸ் போதும். விலையும் குறைவு, சட்டைப்பையில் அடங்கும். நான் 18-135 ஒன்றைக் கேமராவில் மாட்டி, இதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயில் சாய்வாகக் கிடைக்கும்.