ஜப்பானிய மரபில் நிறம்: ஆணை, மண், வழிபாடு

1. முன்னுரை

ஒரு நாட்டின் நிறங்களுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? ஜப்பானிய மரபை ஆராய்ந்தால் அரசாணை, மண், வழிபாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அதை வகுத்திருப்பது தெரியும். அவற்றுள் மண்ணே அடிப்படை என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. ஆணை

கி.பி. 603இல், பேரரசி சுய்கோ ஆட்சியில், அரசவைப் பதவிகள் 12 படிகளாக வகுக்கப்பட்டன. அவரவர் படியைத் தொப்பியின் நிறமே காட்டியது. பின்னாளில் அடர் ஊதா உயர்குடியினருக்கே உரியதாயிற்று. எடோ காலத்தில் (1603–1868) சாமானியர் பகட்டாக உடுத்தத் தடை வந்தது. அதனால் நகரத்தார் பழுப்பு, சாம்பல், நீலம் ஆகியவற்றுக்குள்ளேயே எண்ணற்ற சாயல்களைப் படைத்தனர். அடக்கமே அழகு என்ற சுவை அங்கே வேரூன்றியது.

3. மண்

ஷிகோகு தீவின் யோஷினோ ஆறு அடிக்கடி கரைபுரண்ட ஆறு. புயல் காலத்து வெள்ளம் கதிர் முற்றிய நெல்லை அழித்துவிடும். கோடையிலேயே அறுவடையாகும் நீலச்செடி தப்பிவிடும். வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டலும் அதற்கு உரமாகும். இன்றைய டோகுஷிமா நீலச்சாயத்தின் தாயகமானது இப்படித்தான். இச்செடி நம் அவுரி அல்ல, வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

உலர்ந்த இலையைக் குவித்து, நீர் தெளித்து, புரட்டிப் புரட்டிச் சுமார் 100 நாள் மக்கவைப்பார்கள். குவியல் சூடேறி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இவ்வாறு கிடைக்கும் ‘சுகுமோ’வைச் சாம்பல் காரநீரில் நொதிக்கவிட்டுத் துணியைத் தோய்ப்பர். தொட்டியிலிருந்து எடுக்கையில் பசுமை தட்டியிருக்கும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். உழவர் உடை, கடைவாசல் திரை, தீயணைப்போர் அங்கி என எங்கும் புழங்கிய இந்நீலம் உழைப்பவரின் நிறமாயிற்று.

4. வழிபாடு

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஆலய வாயில்கள் செஞ்சாயம் பூண்டவை. அந்நிறம் தீமையை விலக்கும் என்பது நம்பிக்கை. பழங்காலத்தில் பயன்பட்ட சாதிலிங்கச் சாயம் மரத்தையும் காத்தது. இசே ஆலயமோ சாயம் பூசாத ஹினோகி மரத்தாலானது; 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. வெள்ளை தூய்மையைக் குறிப்பது. ஆகவே மணப்பெண்ணுக்கும் அதுவே, இறந்தவருக்கும் அதுவே. துக்கத்துக்குரிய கறுப்புடை, எடோவை அடுத்த மெய்ஜி காலம் தொட்டு மேலை வழக்கத்தால் பரவியது.

5. முடிவுரை

தொப்பி நிறங்களின் ஆணை காலாவதியாகிவிட்டது. வழிபாட்டு நிறங்கள் நிலைத்துள்ளன. மண்ணின் நிறமே இன்று நலிந்திருக்கிறது. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. பின்னர் டோகுஷிமாவின் நீலச்செடி வயல்கள் சுருங்கின. இன்று சுகுமோ செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு மரபின் நிறத்தைக் காக்க விரும்புவோர், பழந்துணியோடு அதன் செடியையும் வயலையும் கைத்திறனையும் சேர்த்தே காக்க வேண்டும்.